டேலி ஆகாத பில்லும் ஜோடி தேடும் க்வெரியும்

காட்பாடியில் ரயில் ஏறி மேற்கே போனால் குடியாத்தம் தாண்டி ஆம்பூர், வாணியம்பாடி. கிழக்கே ராணிப்பேட்டை, மேல்விஷாரம். நடுவில் வேலூர். மொத்தமும் தோல் ஊர்கள். இந்த ஊர்களில் ஏதாவது ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு மாசம் 14-ஆம் தேதியில் இருந்து 20-ஆம் தேதிக்குள் போய்ப் பாருங்கள். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். டீ ஆறிப்போய் இருக்கும். திரையில் இரண்டு எக்செல் ஷீட், கையில் பென்சில், வாயில் ஒரே கேள்வி: "டேலி ஆச்சா?"

டேலி என்றால் அந்த சாஃப்ட்வேர் இல்லை. இரண்டு கணக்கு ஒன்றோடொன்று பொருந்தியதா என்பதுதான் கேள்வி. சாஃப்ட்வேருக்கே அந்தப் பேர் வந்தது அதனால்தானே!

எதையும் எதையும் பொருத்துகிறார்கள்? ஒரு பக்கம் கம்பெனியின் சொந்த கொள்முதல் கணக்கு. மறுபக்கம் அரசாங்கத்தின் ஜிஎஸ்டி தளம் தயார் செய்து கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியல். சரக்கு விற்றவர்கள் தாங்கள் போட்ட பில்களை ஏற்றினால் அது வாங்கியவரின் 2பி-யில் வந்து நிற்கும். விற்றவர் 11-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும், 14-ஆம் தேதி 2பி வரும், மாதக் கணக்கு தாக்கல் செய்பவர் 20-ஆம் தேதிக்குள் 3பி போட்டு வரியைக் கட்ட வேண்டும். இடையில் இருப்பது 6 நாள். அதில் ஒரு ஞாயிறும் வரும். இந்த 6 நாளில் சொந்தக் கணக்கில் உள்ள ஒவ்வொரு பில்லுக்கும் 2பி-யில் ஜோடி கண்டுபிடிக்க வேண்டும். ஜோடி கிடைத்த பில்லுக்குத்தான் ஏற்கனவே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஜோடி கிடைக்காத பில்லின் வரியை மறுபடி கையில் இருந்து போட வேண்டும்.

சின்ன விஷயமா இது? தோல் ஜாப் ஒர்க்குக்கு 2022 ஜூலை 18 முதல் வரி 5 சதவீதத்தில் இருந்து 12 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் திரும்ப 5 ஆனது. 10 லட்ச ரூபாய் ஜாப் ஒர்க் பில் ஒன்று ஜோடி சேராமல் நின்றால், 12 சதவீதக் காலத்தில் 1,20,000 ரூபாய் முடங்கும். இப்போதைய விகிதத்தில் 50,000. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிக்கு அது சில்லறை. பத்து மெஷின் போட்டு ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் யூனிட்டுக்கு அது சனிக்கிழமை கூலி.

இவ்வளவு முக்கியமான வேலையை நம் ஊரில் எப்படிச் செய்கிறார்கள் என்றால் வி-லுக்அப், கலர் கலராக ஹைலைட், கடைசியில் பென்சில் டிக். ஒரு பி.காம். மாணவன் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்து முதல் வேலையாகச் செய்வது இதைத்தான். ஆனால் அந்த மூன்று வருஷத்தில் இரண்டு பட்டியலில் ஜோடி தேடுவது எப்படி என்று வங்கி சமரசப் பட்டியலைத் தவிர வேறெங்கும் சொல்லித்தருவது அபூர்வம். அதுவும் பரீட்சையில் 10 வரிசைதான் கொடுப்பார்கள், ஆபீஸில் 10,000 வரும்.

இதற்கென்றே ஒரு மொழி ஐம்பது வருஷமாக இருக்கிறது. எஸ்க்யூஎல். 1970-ல் ஐபிஎம்-மில் இருந்த காட் என்பவர் தகவலை டேபிள்களாக வைத்தால் போதும் என்று கட்டுரை எழுதினார். 1974-ல் அதே கம்பெனியில் சேம்பர்லினும் பாய்ஸும் அந்த டேபிள்களிடம் கேள்வி கேட்க ஒரு மொழி செய்தார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க மட்டும் படிக்க வேண்டியது என்று காமர்ஸ் பக்கம் ஒரு நினைப்பு. உண்மையில் அதன் பிரதான வேலையே இரண்டு பட்டியலைச் சேர்த்துப் பார்ப்பது. கணக்குப்பிள்ளை வேலை!

ஜாயின் என்பது அடிப்படையில் ரொம்ப முட்டாள்தனமான, ஆனால் நேர்மையான வேலை. சொந்தக் கணக்கில் 300 பில், 2பி-யில் 280 பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 300-ல் ஒவ்வொன்றையும் அந்த 280-ல் ஒவ்வொன்றோடும் பக்கத்தில் நிறுத்தினால் 84,000 ஜோடி. அதில் ஜிஎஸ்டி எண்ணும் பில் நம்பரும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் ஜோடியை மட்டும் கொடு, மற்றதைத் தள்ளு என்பதுதான் கேள்வி. (மெஷின் நிஜமாகவே 84,000 தடவை பார்க்காது, இண்டெக்ஸ் போட்டுக் குறுக்குவழியில் போகும். ஆனால் விடை அப்படிப் பார்த்தது போலத்தான் வரும்.) மனுஷன் பென்சிலோடு செய்வதும் இதேதான், என்ன, 400-ஆவது ஜோடியில் மனுஷனுக்குத் தூக்கம் வரும்.

முதல் பொறி இங்கேயே இருக்கிறது. சாதாரண ஜாயின், அதாவது இன்னர் ஜாயின், ஜோடி சேர்ந்ததை மட்டும்தான் காட்டும். 300-ல் 262 வந்தது என்றால் மீதி 38 எங்கே என்று அது வாயே திறக்காது. 262 வரிசையும் பளிச்சென்று இருக்கும், பார்ப்பவர் "சூப்பர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். பணம் இருப்பது அந்த 38-ல். அதை வரவழைக்க லெஃப்ட் ஜாயின் வேண்டும்: இடது பக்கம் இருப்பது எல்லாம் வரட்டும், வலது பக்கம் ஜோடி இல்லையென்றால் அந்த இடம் காலியாக வரட்டும், அந்தக் காலியாக வந்ததை மட்டும் தனியாகக் காட்டு. இதையே தலைகீழாகப் போட்டால் 2பி-யில் இருந்தும் சொந்தக் கணக்கில் எழுதாத பில்கள் வரும். அதுவும் பணம்தான். யாரோ சரக்கு அனுப்பி, பில் ஏற்றி, இங்கே எண்ட்ரி போட மறந்த கேஸ். (ஆம்பூரில் ஷூ ஃபாக்டரியில் வேலை செய்பவர்களுக்கு இந்த லெஃப்ட், ரைட் விஷயத்தைப் புரியவைப்பது ரொம்ப சுலபம். இடது கால் ஷூ 300, வலது கால் 280 என்றால் ஜோடி எத்தனை, தனியாக நிற்பது எத்தனை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.)

தமிழில் வரி என்றால் டாக்ஸும் வரி, கோடும் வரி. ஒரு வரி விட்டுப்போனால் ஒரு வரி போச்சு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஜோடி சேர்க்க எதை வைத்துச் சேர்ப்பது? இங்கேதான் நிஜமான கூத்து. ஜிஎஸ்டி எண் பரவாயில்லை. 15 எழுத்து, முதல் 2 மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த 10 பான் எண், கடைசி எழுத்து சரிபார்ப்பதற்கென்றே இருப்பது. ஒரு எழுத்து தப்பாக அடித்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். பில் நம்பருக்கு அப்படி ஒரு காவல் இல்லை. சட்டம் சொல்வது 16 எழுத்துக்கு மிகாமல், வரிசையாக, எழுத்தும் எண்ணும் சாய்கோடும் சின்னக் கோடும் கலந்து இருக்கலாம், ஒரு நிதியாண்டில் திரும்ப வரக்கூடாது. அவ்வளவுதான். அப்போ என்ன ஆகும்? பில் புக்கில் 045 என்று அச்சாகி இருக்கும். விற்றவர் தளத்தில் 45 என்று ஏற்றுவார். வாங்கியவர் 045/23-24 என்று எழுதிக்கொள்வார். மூன்றும் ஒரே பில், மெஷினுக்கு மூன்று பில். ஓ எழுத்தும் சைபரும் மாறும். எக்செல் வேறு தன் புத்திசாலித்தனத்தைக் காட்டும்: 1/23 என்று அடித்தால் அதைத் தேதி என்று நினைத்து ஜனவரி மாசம் ஆக்கிவிடும். அதைப் பார்த்துக் கடுப்பாகாத கணக்கர் இந்த ஜில்லாவிலேயே இருக்க மாட்டார்.

5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்னணு பில் கட்டாயம். அங்கே நம்பர் ஒரே மாதிரி போய்ச்சேரும். பிரச்சினை அதற்குக் கீழே. தோலுக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பவர், ஸ்ப்ளிட்டிங் மட்டும் செய்பவர், லேஸ், பக்கிள், பசை விற்பவர் என்று பலர் அந்த எல்லைக்குக் கீழே இருப்பவர்கள். பில் புக்கில் கையால் எழுதி, மாசக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்து யாரையாவது அடிக்கச் சொல்வார்கள். பல பேர் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை தாக்கல் செய்யும் திட்டத்தில் வேறு இருப்பார்கள். இடைப்பட்ட மாசங்களில் பில்லை மட்டும் 13-ஆம் தேதிக்குள் ஏற்ற வசதி உண்டு, கட்டாயம் இல்லை. ஏற்றவில்லை என்றால் ஏப்ரல் மாசம் போட்ட பில் வாங்கியவர் கண்ணுக்குத் தெரிவது ஜூலையில்தான்.

சரி, நம்பரைச் சுத்தம் செய்துவிடலாமே, கோடு, சாய்கோடு, முன்னால் வரும் சைபர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பொருத்தலாமே என்று தோன்றும். செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் 1/12 என்ற பில்லும் 11/2 என்ற பில்லும் சுத்தம் செய்த பிறகு 112 ஆகிவிடும். இரண்டு வேறு பில்லுக்குக் கல்யாணம் முடிந்துவிடும்! அதனால் தனியாக நம்பரை நம்பக்கூடாது. முதலில் அப்படியே பொருந்துவதை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். மிச்சம் உள்ளதில் சுத்தம் செய்த நம்பரும் தொகையும் ஒத்துப்போவதை எடுக்க வேண்டும் (தொகையில் 1 ரூபாய் வித்தியாசம் விடலாம், ரவுண்டிங்). நிதியாண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்த வருஷம் அதே 45 திரும்ப வரும். கடைசியில் மிச்சம் நிற்பதில் அதே ஜிஎஸ்டி எண், அதே தொகை, தேதி நாலைந்து நாள் முன்பின் என்று தேடலாம். ஆனால் இந்தக் கடைசிப் பட்டியல் விடை இல்லை, சந்தேகப் பட்டியல். அதை மனுஷக் கண்தான் பார்க்க வேண்டும்.

ஏன் என்றால், ஒரே ஜாப் ஒர்க்கர் மாசத்தில் மூன்று தடவை அதே 25,000 ரூபாய்க்கு பில் போட்டிருப்பார். தொகையை மட்டும் வைத்து ஜாயின் செய்தால் இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3, வருவது 9 ஜோடி. ஜாயினுக்கு "இது ஏற்கனவே கல்யாணம் ஆனது" என்று தெரியாது. முதலாவதை முதலாவதோடு, இரண்டாவதை இரண்டாவதோடு சேர் என்று தேதிவாரியாக வரிசை எண் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு ரோ நம்பர் என்று ஒரு வசதி இருக்கிறது.

இதன் அண்ணன் இன்னும் மோசம். ஒரே பில்லில் இரண்டு வரி விகிதம் இருந்தால் இரண்டு வரிசையாக எழுதியிருப்பார்கள். ஒன்றில் வரி 6,000, இன்னொன்றில் 9,000. மொத்தம் 15,000. 2பி பக்கமும் அப்படியே இரண்டு வரிசை. பில் நம்பரை மட்டும் வைத்து ஜாயின் போட்டுக் கூட்டினால் 4 வரிசை வரும், கூட்டுத்தொகை 30,000. கழித்துக்கொள்ள வேண்டியது 15,000, காகிதத்தில் 30,000. எர்ரர் வராது, சிவப்பு விளக்கு எரியாது. வட்டியோடு நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும். மருந்து சிம்பிள்: ஜாயின் செய்வதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் பில்வாரியாகக் கூட்டி, ஒரு பில்லுக்கு ஒரு வரிசை ஆக்கிவிட வேண்டும். குரூப் பை முதலில், ஜாயின் பிறகு.

காலி இடம் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்க்யூஎல்-லில் நல் என்றால் "தெரியாது". தெரியாததும் தெரியாததும் சமமா? தெரியாது! அதனால் பில் நம்பர் எழுதாமல் விட்ட இரண்டு வரிசை ஒன்றோடொன்று பொருந்தாது, அது நியாயம்தான். ஆனால் "2பி-யில் இல்லாத பில் எல்லாம் கொடு" என்பதை நாட் இன் போட்டுக் கேட்டு, 2பி பக்கம் பில் நம்பர் பத்தியில் ஒரே ஒரு காலி இடம் இருந்தாலும் போதும், விடை பூஜ்யம் வரிசை. விட்டுப்போனது எதுவுமே இல்லை என்று திரை சொல்லும், ஆபீஸே கை தட்டும். நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டிருந்தால் 38-ம் வந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்திருப்பதற்கே ஒரு பேப்பர் வைக்கலாம்.

ஜோடி தேடுவது இரண்டு டேபிளுக்கு நடுவில் மட்டும் இல்லை. ஒரே கணக்குக்குள்ளும் தேட வேண்டும். வாட்ஸப்பில் வந்த பில் போட்டோவை வைத்து ஒருத்தர் எண்ட்ரி போடுவார், லாரியோடு வந்த ஒரிஜினலை வைத்து இன்னொருத்தர் போடுவார். இரண்டு தடவை பணமும் போகும். இதைப் பிடிக்க அதே டேபிளை அதனோடேயே ஜாயின் செய்ய வேண்டும், செல்ஃப் ஜாயின். கண்ணாடி முன் நிற்பது மாதிரி. அப்படியே விட்டால் ஒவ்வொரு வரிசையும் தன்னைத்தானே ஜோடி என்று சொல்லும். தான் அல்லாத வரிசை என்று நிபந்தனை போட்டால் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு தடவை வரும், ராமுவும் சோமுவும், சோமுவும் ராமுவும். இடது பக்கத்து வரிசை எண் வலது பக்கத்தை விடச் சின்னதாக இருக்கட்டும் என்று சொன்னால்தான் ஒரு தடவை வரும். ஒரே பில் 5 தடவை ஏறியிருந்தால் முறையே 25, 20, 10 ஜோடி. அந்த ஒற்றைச் சின்னக் குறியில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் டெக்னிக். தோல் தொழிலில் ஒரு இடத்தில் டெக்னிக் கையை விரித்துவிடுகிறது. ஜாப் ஒர்க்குக்குத் தோல் அனுப்பினால் டெலிவரி சலான் போட வேண்டும், ஒரு வருஷத்துக்குள் திரும்பி வர வேண்டும், போனதையும் வந்ததையும் ஐடிசி-04 என்ற படிவத்தில் காட்ட வேண்டும் (5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் 6 மாசத்துக்கு ஒரு தடவை, மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை). போனதுக்கு வந்தது ஜோடி, அவ்வளவுதானே? போனது தோல் எண்ணிக்கையில், வந்தது சதுர அடியில். மூன்று சலானில் போனது ஐந்து தடவையாகப் பிரிந்து வந்திருக்கும். ஒரு தோலைத் தடிமனில் பிளந்து மேல் பகுதி ஒரு விலை, கீழ் ஸ்ப்ளிட் ஒரு விலை. கழிவு வேறு. இதில் எந்த வரிசைக்கு எந்த வரிசை ஜோடி? தோல் ஷெட்டில் நிற்கும் மேஸ்திரிக்குத் தெரியும். கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். எந்த டேபிளிலும் அது இல்லை.

இனிமேல்தான் சண்டை. ஜோடி சேரவில்லை என்றால் தப்பு என்று அர்த்தமா?

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று வந்தபோது திட்டம் அழகாகத்தான் இருந்தது. விற்றவர் ஏற்றுவார், வாங்கியவர் சரிபார்த்து ஏற்பார், தளமே பொருத்தும். அந்த இரண்டாவது படிவம், ஜிஎஸ்டிஆர்-2, அதே வருஷம் நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. பொருத்துவதைப் பற்றிய சட்டப்பிரிவு 42 ஒரு நாளும் ஒழுங்காக ஓடாமலேயே 2022 அக்டோபர் 1-ல் நீக்கப்பட்டது. ஆனால் தண்டனை மட்டும் படிப்படியாக வந்தது. 2019 அக்டோபர் 9-ல், ஜோடி சேர்ந்ததற்கு மேல் 20 சதவீதம் வரை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2020 ஜனவரியில் 10 சதவீதம். 2021 ஜனவரியில் 5. 2022 ஜனவரி 1 முதல் பூஜ்யம், 2பி-யில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 2023 ஆகஸ்டில் இருந்து 2பி-யை விட அதிகமாக 3பி-யில் எடுத்தால், வித்தியாசம் வரம்பைத் தாண்டும்போது, தளம் தானாகவே கடிதம் அனுப்பும். 7 நாளில் கட்ட வேண்டும் அல்லது காரணம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாது. அதைப் போட முடியவில்லை என்றால் இவருடைய வாடிக்கையாளரின் 2பி-யில் பில் வராது. ஒரு வரிசை பொருந்தாதது சங்கிலியாகப் போகிறது.

அரசாங்கம் சொல்லும் காரணமும் பொய் இல்லை. சரக்கே போகாமல் பில் மட்டும் போட்டுக் கழிவு எடுக்கும் கும்பல்கள் நாடு முழுக்கப் பிடிபட்டிருக்கின்றன. விற்றவர் வாங்கிய வரியைக் கட்டாமல் ஓடிவிட்டால் கஜானாவுக்குத்தான் நஷ்டம். பொருத்திப் பார்க்காமல் பணம் கொடு என்று யாரும் கேட்க முடியாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். போலி பில் போடுபவன் என்ன செய்வான்? நம்பர், தேதி, தொகை எல்லாவற்றையும் பைசா சுத்தமாக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏற்றுவான். அவன் தொழிலே அதுதானே! அவன் வரிசைகள் 100 சதவீதம் பொருந்தும். 045-ஐ 45 என்று அடித்த பேரணாம்பட்டுச் சாயக்காரரின் வரிசை பொருந்தாது. ஈக்வல் டு போட்டு ஜோடி தேடும் க்வெரி திருடனை விட்டுவிட்டு எழுத்துப்பிழைக்காரரைப் பிடிக்கிறது. திருடனைப் பிடிக்க வேறு க்வெரி வேண்டும். ஏ என்பவன் பி-க்கு விற்றான், பி சி-க்கு விற்றான், சி திரும்ப ஏ-க்கே விற்றான் என்று ஒரே டேபிளை மூன்று தடவை அதனோடேயே ஜாயின் செய்து வட்டத்தைத் தேட வேண்டும். பொருந்தாதது சந்தேகம் என்றால், இங்கே பொருந்துவதே சந்தேகம்.

நீதிமன்றங்கள் இதைப் பார்த்திருக்கின்றன. ஜிஎஸ்டி வருவதற்கு முன், வாட் காலத்திலேயே, விற்றவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும் பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்து வரி போட்ட ஏராளமான வழக்குகளை ஜேகேஎம் கிராஃபிக்ஸ் வழக்கோடு சேர்த்து விசாரித்து 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. முறையான விசாரணை இல்லாமல் இப்படிச் செய்வது சரியில்லை, துறை இதற்கென்று மையமாக ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 2021 பிப்ரவரியில் மதுரைக் கிளையில் டி.ஒய். பீத்தேல் என்டர்பிரைசஸ் வழக்கு. ரப்பர் ஷீட் வியாபாரிகள். விற்றவருக்கு வரியோடு சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டார்கள், அவர் கட்டவில்லை. துறை வாங்கியவரைப் பிடித்தது. விற்றவரை ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டு உத்தரவை ரத்து செய்து, திரும்ப விசாரிக்கச் சொன்னது நீதிமன்றம். ஆனால் வழக்கு போட வக்கீல் வேண்டும், மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். 50,000 ரூபாய்க்கு யார் போவார்கள்? கட்டிவிட்டு அடுத்த தடவை அந்தச் சாயக்காரரிடம் போகாமல் இருப்பதுதான் சுலபம். அப்படித்தான் நடக்கும். நம்பரைத் தப்பாக அடித்ததற்கு ஒருத்தர் பிழைப்பே போய்விடும்.

துறைக்கே இது தெரியாமல் இல்லை. 2022 டிசம்பர் 27-ல் வந்த சுற்றறிக்கை 183, 2017-18, 2018-19 வருஷங்களுக்கு வேறு வழி காட்டியது. வித்தியாசம் ஒரு விற்பனையாளருக்கு ஒரு வருஷத்தில் 5 லட்சம் வரை என்றால் அவரிடமே சான்று வாங்கிக் கொடுத்தால் போதும், அதற்கு மேல் போனால் ஆடிட்டர் சான்று. பிறகு இதையே 2021 டிசம்பர் வரை நீட்டினார்கள். பொருந்தாத வரிசையை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதை விட நல்ல விதி தேவையில்லை. முதலில் கேள், காகிதம் பார், பிறகு முடிவு செய். பழைய வருஷங்களுக்குக் கொடுத்ததை 2022-க்குப் பிறகு ஏன் கொடுக்கக்கூடாது? 5 லட்சம் வேண்டாம், 50,000 என்று வையுங்கள். சின்னவர்களுக்கு அது போதும்.

2024 அக்டோபரில் இருந்து தளத்தில் ஒரு புதிய வசதி இருக்கிறது, வந்த பில்லை ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். 2017-ல் நிறுத்தியதை ஏழு வருஷம் கழித்து வேறு வாசல் வழியாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஏற்றாத பில்லுக்கு அதில் பொத்தான் கிடையாது. வராத பில்லை எதை அழுத்தி ஏற்பது?

அதனால் வேலை திரும்ப ஆபீஸுக்கே வருகிறது, ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பி.காம். பையனுக்கும் பொண்ணுக்கும் வருகிறது. காமர்ஸ் துறைகள் டேலியை மட்டும் சொல்லித்தந்துவிட்டு கம்ப்யூட்டர் பேப்பர் முடிந்தது என்று இருப்பது இந்த ஊருக்குப் போதாது. எஸ்க்யூலைட் இலவசம், சர்வர் வேண்டாம், பழைய லேப்டாப்பில் ஓடும். பொய்யான பெயர்கள் போட்டு 300 வரிசை கொள்முதல் கணக்கு ஒன்று, 280 வரிசை 2பி ஒன்று தயார் செய்து, அதில் வேண்டுமென்றே சைபரை விழுங்கிய பில், இரண்டு விகித பில், இரண்டு தடவை ஏறிய பில், நம்பர் இல்லாத பில் எல்லாம் ஒளித்து வைத்து ஒரு செமஸ்டர் கொடுத்தால் போதும். "38 விட்டுப்போனது" என்று எழுதுபவருக்குப் பாதி மார்க், ஏன் விட்டுப்போனது என்று 38-க்கும் காரணம் எழுதுபவருக்கு மீதி.

அந்த 38-ல் பத்துப் பதினைந்து எழுத்துப்பிழையாகப் போகும். சில அடுத்த மாசம் தானாக வரும். மூன்று மாசத் திட்டக்காரர்களுடையது காலாண்டு முடிந்ததும் வரும். கடைசியில் ஆறோ ஏழோ நிற்கும். அதற்கு ஒரு கடைசி க்வெரி: லெஃப்ட் ஜாயினில் காலியாக வந்த வரிசைகளை விற்றவர் வாரியாகக் கூட்டி, தொகை பெரியதில் இருந்து சின்னது வரை அடுக்கி, பக்கத்தில் முகவரி டேபிளில் இருந்து போன் நம்பரையும் ஜாயின் செய்து பிரிண்ட் எடுக்க வேண்டும். அதை 14-ஆம் தேதி சாயங்காலமே எடுத்துவிட்டால் 15-ஆம் தேதி காலையில் இருந்து போன் போடலாம். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் அந்தக் கழிவை எடுக்க முடியும், அதற்கு முன்னால் வருஷாந்திர ரிட்டர்ன் போட்டுவிட்டால் அதோடு கதவு சாத்திக்கொள்ளும். ஆம்பூரில் மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் போட்டால் ஷெட்டில் மெஷின் சத்தத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள், காலையிலேயே போட வேண்டும்.